அக்கரையில் கட்டிய படகு

கோழி பிரசங்கபீடத்துக்குள் புகுந்துவிட்டது.

"வெளியே வா! மரியாதையா வெளியே வா!"

மண்டியிட்டுக்கொண்டு பீடத்தின் அடியில் துடைப்பத்தை விட்டுக் குடைந்தாள் திதிலியா. ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுப்பின் முழங்காலில் ஏற்கெனவே தூசி. முகக்கவசம் நழுவித் தாடையில் தொங்கியது. உள்ளேயிருந்து நீளமாக ஒரு கொக்கரிப்பு வந்தது. இறங்கி வருகிற உத்தேசமே இல்லாத குரல்.

வெளியே லாலிக்கொட்டகையில் ஆள் தயாராக நின்றான். இரண்டு கட்டைகளாலும் அந்த மர முரசை அடித்தானென்றால் நவுனிசோலே கிராமமே வாசலில் வந்து நின்றுவிடும். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த தேவாலயம். வீட்டுக்கு வீடு பாயை விரித்து, தொலைபேசியில் பிரசங்கம் கேட்டு, பாதியில் சார்ஜ் தீர்ந்து, மீதியை அவரவர் கற்பனையில் முடித்துக்கொண்ட காலம் இன்றோடு முடிகிறது.

முடிய வேண்டும். நர்ஸ் தலையாட்டினால்.

கதையை நடுவில் பிடித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தத் தேவாலயத்துக்குப் பொறுப்பாளர் திதிலியா. கதவு, சாவி, விளக்கு, வரிசை எல்லாம் அவள் கையில். இரண்டு தடுப்பூசியும் போட்டவர்களுக்கு மட்டுமே உள்ளே இடம், பாதி பெஞ்சு காலியாக இருக்க வேண்டும், பாடகர் குழுவில் எட்டே பேர். அக்கரைச் சுகாதார மையத்து நர்ஸ் இன்று படகில் வந்து பார்ப்பார். ஒன்று தப்பினாலும் மறுபடி பூட்டுதான். சென்ற வாரம் முழுக்கத் திதிலியா பெஞ்சுகளில் சிவப்பு நாடா ஒட்டிக்கொண்டிருந்தாள். கோழியை மட்டும் அவள் எதிர்பார்க்கவில்லை.

"யாரோட சண்டை? போதகரோடயா?"

வாசலில் எப்பராமா. திதிலியாவின் கணவன். நெஞ்சில் பூப்போட்ட சட்டை, இடுப்பில் இஸ்திரி போட்ட சுலு வேட்டி, முகத்தில் எப்போதும் போல வேலையில்லாத சிரிப்பு.

"உள்ளே கோழி."

"அப்படியா? குரலைக் கேட்டு போதகர்னு நினைச்சுட்டேன்."

"சிரிக்க நேரமில்ல. பிடி."

அவன் குனிந்தான். கையை விட்டான். காலைப் பிடித்துக் கோழியை வெளியே எடுத்தான். பிறகு மறுபடி கையை விட்டு முட்டைகளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"சர்ச் கதவைப் பூட்டினப்புறமும் சபை வளர்ந்திருக்கு பாரு."

"எப்பராமா!"

"சரி சரி. உன் தம்பி ஒரு சேதி சொல்லி அனுப்பியிருக்கான்."

திதிலியாவின் துடைப்பம் நின்றது.

தம்பி கிட்டியோனே. ஆற்றில் படகு ஓட்டுகிறவன். அம்மா போன பிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் திதிலியாதான். ஆனால் அவன் குரல் உடைந்து மீசை அரும்பிய நாளிலிருந்து இருவரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபம் இல்லை. அக்கா தம்பிக்குள் அதுதான் மரியாதை. ஒரே சமையலறையில் இருந்தாலும் சேதி மூன்றாவது வாய் வழியாகத்தான் போகும். இந்த வீட்டில் அந்த மூன்றாவது வாய் எப்பராமா.

சிக்கல் அங்கேதான். எப்பராமாவும் கிட்டியோனேயும் மச்சான்மார்கள். எங்கள் ஆற்றங்கரையில் மச்சானைப் பற்றி மச்சான் நல்லதாக நாலு வார்த்தை பேசினால் உடம்புக்கு என்னவோ என்று விசாரிப்பார்கள். கிண்டல்தான் முறை. பொய்தான் பாசம்.

"என்ன சேதி?"

"முதல் சேதி. மச்சான் தலைக்குச் சாயம் பூசினானாம். ஆத்துல குளிச்சானாம். இப்போ ரேவா ஆத்து மீனெல்லாம் வாலிபமா அலையுதாம்."

"அடுத்தது?"

"இன்னிக்கு அவனை உள்ளே எதிர்பாக்காதே. ரெண்டாவது ஊசி போட்டுக்கலையாம்."

"ஏனாம்?"

"பயம். முதல் ஊசி அன்னிக்கு நௌசோரி டவுனுக்கு நான்தானே கூடப் போனேன்? ஊசியைப் பாத்தான், என்னைப் பாத்தான், தேங்கா விழற மாதிரி விழுந்தான். தண்ணி தெளிச்சு எழுப்பினேன். எழுந்ததும் 'முடிஞ்சுதா?'ன்னான். 'இன்னும் குத்தவே இல்லடா'ன்னேன். மறுபடி விழுந்தான்."

திதிலியா வாய்விட்டுச் சிரித்தாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு.

"வெள்ளத்துல அடிச்சுட்டுப் போன மாட்டை நீந்தி இழுத்துட்டு வந்தவன் அவன். ஊசிக்கு விழுந்தானாம்!"

"சத்தியமா திதிலியா."

"உன் சத்தியத்தை நம்பி நான் ஒருதடவை ஏமாந்தேன். கல்யாணமே ஆயிடுச்சு."

"இது நிஜம்."

"போ, போய்க் கையைக் கழுவு. பாடகர் குழுவுல அவன் பேரைத்தான் முதல்ல போட்டிருக்கேன். இருக்கற எட்டுப் பேர்ல கட்டைக்குரல் அவன் ஒருத்தன்தான்."

எப்பராமா கோழியோடு திரும்பினான். அப்போது அவள் குரல் மாறியது.

"இதுக்கு மட்டும் விளையாடாம பதில் சொல்லு. சாயங்காலமானா அவன் படகு ஏன் அக்கரையில கட்டியிருக்கு?"

எப்பராமாவின் சிரிப்பு சற்றுக் குறைந்தது.

"அதை என்கிட்டயே சொல்ல மாட்டேங்கறான்."

அதுதான் அவள் நெஞ்சில் கிடந்த முள். அக்கரையில் படித்துறைக்கு மேலேயே ஒரு புதுச் சபைக்காரர்கள் கூடாரம் போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கி வைத்து, ஊசி போடுவது விசுவாசக் குறைவு என்று பேசினார்கள். இந்த ஊரிலிருந்தே சில குடும்பங்கள் அங்கே போய்விட்டன. போனவர்கள் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக்கூட வருவதில்லை. மரியாதை என்று பேசாமல் இருப்பது ஒன்று. பேச ஆளே இல்லாமல் போவது வேறு.

லாலி முழங்கியது.

---

வரிசை மாமரம் வரை நீண்டிருந்தது.

கடாவு தீவுக்காரி நர்ஸ் வாசெமாதா. மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை. வாசலில் ஒரு கையில் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி, மறு கையில் தொலைபேசி. முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களில் சிரிப்பின் அறிகுறியே இல்லை. முதலில் உள்ளே போய்ப் பீடத்தின் அடியில் எட்டிப் பார்த்தாள். நாடா ஒட்டிய பெஞ்சுகளை எண்ணினாள். சோப்புத் தண்ணீர் வாளியில் விரலை விட்டு முகர்ந்தாள்.

"பொறுப்பாளரம்மா, இங்கே ஒரு இறகு கிடக்கு."

"தேவதூதரோடதா இருக்கும் சிஸ்டர்" என்றான் பின்னாலிருந்து எப்பராமா.

திதிலியா திரும்பிப் பார்க்காமலே அவன் காலை மிதித்தாள்.

ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். மாதக்கணக்கில் மடித்து வைத்திருந்த உடுப்புகளில் பாச்சை உருண்டை மணம். மூக்கையும் வாயையும் மறைத்துக்கொண்டு ஒருவரையொருவர் அடையாளம் கண்டுபிடிப்பதே ஒரு விளையாட்டாக இருந்தது. கட்டிப்பிடிக்கக் கூடாது என்பதால் புருவத்தை உயர்த்தி உயர்த்திப் பேசிக்கொண்டார்கள்.

கிட்டியோனே மாமரத்தடியில்தான் நின்றான். வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, சுலு. உள்ளே வராதவன் டை எதற்குக் கட்டினான் என்று திதிலியாவுக்கு ஒரு நம்பிக்கை வந்தது.

"கூப்பிடு" என்றாள் கணவனிடம்.

"சொன்னேனே..."

"கூப்பிடுன்னா கூப்பிடு."

எப்பராமா கையசைத்தான். அவன் வந்தான். ஆற்று மரம்போல வளர்ந்த ஆள், பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாக வந்த பையன் மாதிரி நடந்தான். அக்காவுக்கும் நர்ஸுக்கும் நடுவே, யாரையும் பார்க்காமல், தன் செருப்பைப் பார்த்து நின்றான்.

"ஊசி அட்டை எங்கேன்னு கேளு" என்றாள் திதிலியா.

எப்பராமா கழுத்தைத் திருப்பினான். "மச்சான், அட்டை எங்கேன்னு உங்க அக்கா கேக்கறா."

"வீட்ல இருக்குன்னு சொல்லு."

"வீட்ல இருக்காம்."

"எத்தனை ஊசின்னு கேளு."

"எத்தனை ஊசிடா?"

"ஒண்ணுன்னு சொல்லு."

"ஒண்ணாம். காலையிலயே சொன்னேன்னும் சேத்துச் சொல்லவா?"

கையை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் மூவரும். வரிசையில் நின்றவர்களின் தலை ஒவ்வொரு கேள்விக்கும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது.

"கிட்டியோனே. முதல் ஊசி நௌசோரியில. ரெண்டாவது பாக்கி" என்றாள் வாசெமாதா. தொலைபேசியைப் பார்க்காமலே சொன்னாள்.

திதிலியாவுக்குக் காது சூடானது. அப்படியென்றால் எப்பராமா சொன்னதில் ஒன்று நிஜம். ஆனால் காரணம்? ஊசிக்கு மயங்கி விழுந்த கதையா? வரிசையின் நடுவில் யாரோ மெல்லச் சொன்னார்கள்:

"அக்கரைக் கூடாரத்துல ஊசி வேண்டாம்னுதானே சொல்றாங்க..."

அந்த வார்த்தை வரிசை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. கிட்டியோனே தலை நிமிரவில்லை.

பாடகர் குழுவின் தலைவர் சொலொமோனே உள்ளேயிருந்து ஓடி வந்தார். "திதிலியா, முதல் பாட்டுக்கு மட்டும் விடும்மா. கட்டைக்குரல் இல்லாம நாங்க என்னத்தைப் பாடறது? கூரை போட்டுட்டுத் தூணை மறந்த மாதிரி இருக்கும்."

திதிலியா நர்ஸைப் பார்த்தாள்.

"முடிவு உங்களோடது" என்றாள் வாசெமாதா. அந்தக் கண்டிப்பான குரலில் ஏதோ ஒன்று தடுக்கியது. "நான் பாத்து எழுதிக்க மட்டும்தான் வந்திருக்கேன்."

முன்வரிசையில் தம்பிக்காக ஒட்டி வைத்த வெள்ளை அடையாளம் வாசலிலிருந்தே தெரிந்தது. அவனை உள்ளே விட்டால் இன்று ஒரு பாட்டு. நாளை மறுபடி பூட்டு. அவனை வெளியே நிறுத்தினால், தானே கையைப் பிடித்து அக்கரைக்குத் தள்ளிவிட்டது போல ஆகும்.

"வெளியிலயே நிக்கட்டும்னு சொல்லு" என்றாள்.

எப்பராமா அதைத் திருப்பிச் சொல்லவில்லை. அவன் வாயடைத்து நின்றதை ஊர் முதன்முறையாகப் பார்த்தது.

கிட்டியோனே தலையை ஆட்டிவிட்டு விலகிப் போனான்.

---

எட்டுப் பேருக்கு அனுமதி. ஏழு பேர் நின்றார்கள்.

சொலொமோனே கையை உயர்த்தினார். பெண்குரல்கள் மேலே எழுந்தன, நடுக்குரல்கள் பிடித்துக்கொண்டன. அடியில் ஒன்றுமில்லை. முகக்கவசத்துக்குள்ளிருந்து வந்த பாட்டு தரையில் கால் ஊன்றாமல் தள்ளாடியது. இரண்டாவது அடியில் சொலொமோனேயின் நெற்றி வேர்த்தது. பின்வரிசையில் யாரோ இருமி, எல்லோரும் பயந்து திரும்பி, அவர் "எச்சில் புரையேறிடுச்சுங்க, எச்சில்தான்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்போதுதான் அது வந்தது.

திறந்திருந்த ஜன்னல் வழியாக, மாமரத்தடியிலிருந்து, ஆற்றின் அடிமணல்போலக் கனத்த ஒரு குரல். பாட்டு சட்டென்று நிமிர்ந்து நின்றது. பெஞ்சுப் பலகை அதிர்வதைத் தொடையில் உணர முடிந்தது. சொலொமோனே என்ன செய்வார்? பாதி உடம்பைக் குழுவுக்கும் பாதியை ஜன்னலுக்கும் திருப்பிக்கொண்டு நண்டுபோல நின்று தாளம் போட்டார். சின்னப் பிள்ளைகள் சிரித்தன. பெரியவர்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

திதிலியா நர்ஸைப் பார்த்தாள். வெளியே பாடுவதற்கு விதி உண்டா, இல்லையா? வாசெமாதா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். நிமிரவேயில்லை. ஆனால் பேனா நகரவில்லை.

போதகர் பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்தார். அதுவே ஒரு அற்புதம் என்று எப்பராமா பிற்பாடு சொன்னான்.

ஆராதனை முடிந்ததும் வாசெமாதா திதிலியாவிடம் வந்தாள். "அடுத்த வாரமும் திறக்கலாம். இறகை மட்டும் எடுத்துடுங்க."

ஊர் கைதட்டியது. மாமரத்தடியில் பாய்கள் தள்ளித் தள்ளி விரிக்கப்பட்டன. குடும்பத்துக்கு ஒரு பாய். மண்ணுக்கடியில் சுட்ட சேப்பங்கிழங்கும் பன்றி இறைச்சியும், கிழங்கு இலையில் தேங்காய்ப்பால் ஊற்றிக் கட்டிய பொட்டலங்களும் இலை மணத்தோடு வந்து இறங்கின.

நர்ஸ் ஓரமாக ஒரு மேசையில் குளிர்பெட்டியைத் திறந்தாள்.

"ஊசி பாக்கி இருக்கறவங்க சாப்பிடறதுக்கு முன்னாடி இங்கே வந்துட்டுப் போங்க."

இரண்டு பேர் போனார்கள். சட்டைக் கையைச் சுருட்டினார்கள், முகத்தைச் சுளித்தார்கள், திரும்பி வந்து கிழங்கைக் கடித்தார்கள்.

"கிட்டியோனே!" என்று அழைத்தாள் வாசெமாதா.

எல்லோரும் திரும்பினார்கள். அவன் ஆற்றை நோக்கி நடந்துகொண்டிருந்தான். வேகமாக. படித்துறையில் இறங்கிப் படகின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான்.

திதிலியா பார்த்தாள். தேவாலயம் திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. ஊரே ஒன்றாக உட்கார்ந்திருக்கிறது. பாயில் அவனுக்கென்று பெரிய துண்டாக எடுத்து வைத்திருக்கிறாள். இந்த நேரத்தில், பட்டப்பகலில், எல்லோர் கண்முன்னும் அக்கரைக்குப் போகிறான் என்றால் அவன் இனி அங்கேதான்.

எப்பராமாவை அனுப்பலாம். எப்பராமா வாய் நிறையப் பன்றி இறைச்சியோடு தூரத்துப் பாயில் கதை சொல்லிக்கொண்டிருந்தான். அவன் விழுங்கி முடிப்பதற்குள் படகு நடு ஆற்றில் இருக்கும்.

அவள் எழுந்தாள்.

"கிட்டியோனே! நில்லு!"

கிழங்கைக் கடித்தவர்கள் கடித்தபடி இருந்தார்கள். ஒரு குழந்தையின் வாயைத் தாய் பொத்தினாள். அவன் மீசை அரும்பியதற்குப் பிறகு அந்தப் பெயரை அவள் அவனை நோக்கிச் சொன்னதில்லை.

அவன் கயிறும் கையுமாக உறைந்து நின்றான்.

திதிலியா படித்துறை வரை போனாள். மூச்சு வாங்கியது. முகத்தைப் பார்க்காமல், அவன் டையின் முடிச்சைப் பார்த்துப் பேசினாள்.

"முறை இல்லைதான். தெரியும். மன்னிப்பு அப்புறம் கேட்டுக்கறேன். அந்தக் கூடாரத்துல சேந்துட்டியா? சேந்துட்டா சேந்துட்டேன்னு சொல்லு. சோத்தை எப்பவும் போல அனுப்பி வைக்கறேன். ஆனா இதை மட்டும் எப்பராமா வாயால கேக்க மாட்டேன். உன் வாயால கேக்கணும்."

கிட்டியோனே வாயைத் திறந்தான். சற்றுமுன் தேவாலயத்தையே தாங்கிப் பிடித்த குரல் எங்கே போயிற்றோ. கண்கள் மச்சானைத் தேடின.

எப்பராமா ஓடி வந்திருந்தான். இறைச்சியை அவசரமாக விழுங்கினான்.

"என்னைப் பாக்காதே மச்சான். எனக்கு நிஜமாவே தெரியாது. தெரிஞ்சிருந்தா இந்நேரம் ஊரே சிரிச்சிருக்கும்."

தண்ணீர் படகின் விலாவில் மோதுவது கேட்டது.

மாமரத்தடியில் நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்தாள். கையுறைகளைக் கழற்றினாள். பாய்களுக்கு நடுவே நடந்து படித்துறைக்கு வந்து, தள்ளியே நின்று, முகக்கவசத்தைக் கீழே இறக்கினாள். அந்த முழு முகத்தை ஊர் அன்றுதான் பார்த்தது. கன்னம் சிவந்திருந்தது.

"அவர் கூடாரத்துக்கு வரலை" என்றாள். "கூடாரத்தைத் தாண்டி நர்ஸ் குவார்ட்டர்ஸ் இருக்கு. என் வாசப்படியில உக்காந்து டீ குடிச்சுட்டுப் போறார். ஊசிப் பேச்சை எடுத்தா மட்டும் படகுக்கு ஓடிடறார். என் கையால போட்டு, என் முன்னாடியே மயங்கி விழுந்துட்டா மானம் போயிடுமாம்."

"நான் சொன்னேன்! சொன்னேனா இல்லையா?" என்று குதித்தான் எப்பராமா. திதிலியா கையை உயர்த்தியதும் அடங்கினான்.

"இதை உங்ககிட்ட நேரா சொல்ல அவருக்கு முறை இல்லை" என்றாள் வாசெமாதா. "எப்பராமா அண்ணன்கிட்டச் சொல்லி அனுப்பினா நீங்க நம்பப் போறதில்லை. அதனால நானே சொல்லிடறேன். பொண்ணு கேட்டுத் திமிங்கலப் பல்லோட உங்க வீட்டு ஆளுங்க எப்போ வர்றாங்கன்னு கடாவுல எங்கப்பா தினமும் போன் பண்ணிக் கேக்கறார், அண்ணி."